உறுதி கையில் இருந்தும் கையொப்பம் கையில் இல்லை: குவாபா மக்களின் கதை நமக்கு எதற்கு?



தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் காணிப் பிரச்சினை வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும். "காணி உறுதி கையில் கிடைத்துவிட்டால் நம் கஷ்டம் தீர்ந்துவிடுமா?" தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். காகிதத்தை வைத்து என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேட இம்முறை வெகுதூரம் போகிறேன். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் குவாபா என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 2020 குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் சுமார் எண்ணூறு பேர். நமது பெரிய தோட்டம் ஒன்றின் சனத்தொகைகூட அதைவிட அதிகம். ஆனால் அந்த ஊர் ஒரு தேசத்தின் தலைநகரம். குவாபா என்ற பூர்வீகக் குடிமக்களின் அரசாங்கம் அங்கிருந்துதான் நடக்கிறது.

இந்த மக்களிடம் காணி உறுதி இருந்தது. ஆளுக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் அல்ல, 240 ஏக்கர். அந்தக் காணிக்கு அடியில் உலகமே விலைக்குக் கேட்ட உலோகம் கிடந்தது. இருந்தும் அவர்களுக்கு மிஞ்சியது நஞ்சு. அது எப்படி நடந்தது, அதிலிருந்து அவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஆற்றோரத்து மக்கள்

இவர்கள் தங்கள் மொழியில் தம்மை "ஓகாபா" என்று சொல்லிக்கொள்வார்கள். ஆற்றின் போக்கிலே கீழ்நோக்கிப் போனவர்கள் என்பது அதன் பொருள். ஓசேஜ், ஓமாஹா, பொன்கா, கான்சா என்ற மக்களும் இவர்களும் மொழியால் ஒரு குடும்பம். மற்றவர்கள் வேறு திசைகளுக்குப் போக, இவர்கள் மிசிசிப்பி ஆற்றோடு தெற்கே வந்து, ஆர்கன்சா ஆறு அதில் கலக்கும் இடத்தில் குடியேறினார்கள். சோளம் பயிரிட்டார்கள், வேட்டையாடினார்கள், நான்கு பெரிய கிராமங்களில் வாழ்ந்தார்கள்.

1673-இல் மார்க்கெத், ஜொலியே என்ற பிரெஞ்சுக்காரர்கள் படகில் வந்து இவர்களைச் சந்தித்தார்கள். அயலில் இருந்த வேறொரு குடி இவர்களை அழைத்த பெயரையே பிரெஞ்சுக்காரர்களும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயர்தான் இன்று ஆர்கன்சா என்ற ஆற்றுக்கும் மாநிலத்துக்கும் இருக்கிறது. பெயர் அங்கேயே நின்றுவிட்டது. பெயருக்கு உரியவர்களை அங்கே இருக்கவிடவில்லை.

முதலில் வந்தது அம்மை நோய். 1690களின் இறுதியில் ஊர் ஊராகச் செத்தார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் காலப்போக்கில் சில நூறு பேரானார்கள். அடுத்து வந்தது ஒப்பந்தம். 1818-இல் அமெரிக்க அரசாங்கம் இவர்களிடமிருந்து ஏறத்தாழ 3 கோடி ஏக்கரை எழுதி வாங்கியது. இலங்கைத் தீவு முழுவதையும் ஏறத்தாழ இரண்டு முறை வைக்கலாம், அவ்வளவு பெரிய நிலம். கொடுத்த விலை 4,000 டொலர் பெறுமதியான சாமான்களும், வருடத்துக்கு 1,000 டொலர் பெறுமதியான சாமான்களும். எஞ்சிய நிலம் எப்போதும் உங்களுடையதே என்று சொன்னார்கள். ஆறே வருடத்தில், 1824-இல், பருத்தித் தோட்டக்காரர்களுக்கு அந்த நிலமும் தேவைப்பட்டது. அதையும் எழுதி வாங்கினார்கள்.

போகச் சொன்ன இடம் லூசியானாவில் சிவப்பு ஆற்றங்கரை. 1826-இல் போனார்கள். ஆறு பெருகிப் பயிரை அள்ளிக்கொண்டு போனது. மறுபடி நட்டார்கள், மறுபடியும் வெள்ளம். சுமார் அறுபது பேர் பட்டினியால் இறந்தார்கள். சரசின் என்ற தலைவரோடு ஒரு பகுதியினர் உடனேயே ஊர் திரும்பினார்கள். மூத்த தலைவர் ஹெக்கட்டனோடு மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். திரும்பி வந்த ஊரில் சொந்த நிலம் கிடையாது. தங்கள் நிலமாக இருந்த அதே மண்ணில், வந்தேறிகளின் பருத்தியைக் கூலிக்குப் பறித்து வயிறு கழுவினார்கள். கொழுந்து கிள்ளும் கைகளுக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1833-இல் இன்னொரு ஒப்பந்தம். இம்முறை வடமேற்கே, இன்று ஒக்லஹோமா என்று சொல்லும் பகுதியில் 96,000 ஏக்கர். அங்கே போய் வீடு கட்டிக் காடு வெட்டி நட்ட பிறகு, அளந்து பார்த்ததில் அது வேறொரு குடியின் நிலம் என்று தெரிந்தது. அளவுப் பிழை யாருடையதோ, மூட்டை கட்டியவர்கள் குவாபா மக்கள். உள்நாட்டு யுத்த காலத்தில் மறுபடி ஓட்டம், மறுபடி திரும்புதல். 1867 ஒப்பந்தத்தில் இன்னும் கொஞ்சம் நிலம் போனது.

தாங்களே பங்கிட்ட காணி

1880களின் பிற்பகுதியில் அரசாங்கம் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. பொதுவாக இருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று துண்டு போட்டுக் கொடுப்பது, மிச்சத்தை வெளியாருக்கு விற்பது. கேட்பதற்கு நியாயம் போல இருக்கும். "உங்களுக்குத் தனித்தனியாகக் காணி தருகிறோம்" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மிச்சம் என்று சொல்லி எடுத்துக்கொள்வதுதான் அதன் உள்நோக்கம். பல குடிகள் இப்படித்தான் பெரும்பகுதி நிலத்தை இழந்தார்கள்.

குவாபா மக்கள் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்தார்கள். 1893-இல் தங்கள் சபையைக் கூட்டி, அரசாங்கம் வந்து அளப்பதற்கு முன்பு தாங்களே பங்கு பிரித்தார்கள். முதலில் ஆளுக்கு 200 ஏக்கர், பிறகு இன்னுமொரு 40 ஏக்கர். 247 பேருக்குப் பங்கு போட்டதில், வெளியாருக்குக் கொடுக்க மிச்சம் என்று எதுவுமே இல்லை. தேவாலயத்துக்கு ஒரு 40 ஏக்கர் ஒதுக்கினார்கள். அந்த 40 ஏக்கரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது வரும். 1895-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்தப் பங்கீட்டை ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் கண்ணில் இப்போது அவர்கள் காணிச் சொந்தக்காரர்கள்.

ஆனால் அந்த உறுதியில் ஒரு நிபந்தனை இருந்தது. 25 வருடத்துக்கு விற்க முடியாது. ஏமாற்றி எழுதி வாங்குபவர்களிடமிருந்து காப்பாற்றவே இது என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் காப்பாற்றுகிறவர் கையில் பேனாவையும் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அடுத்த ஐம்பது வருடம் காட்டியது.

பேனா யார் கையில்?

1900-ஐ ஒட்டிய வருடங்களில் அந்தப் பகுதியில் ஈயமும் துத்தநாகமும் கிடைக்கத் தொடங்கின. 1914 அளவில் ஒரு குவாபா குடும்பத்தின் பங்குக் காணியில் மிகப் பெரிய படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பிச்சர் என்ற நகரம் முளைத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதன் சனத்தொகை 14,000-ஐத் தாண்டியது. முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா பயன்படுத்திய ஈயத்திலும் துத்தநாகத்திலும் பாதிக்கு மேல் அந்த வட்டாரத்திலிருந்து போனதாகச் சொல்வார்கள்.

காணி குவாபா மக்களுடையது. அப்படியானால் குத்தகையை யார் எழுதியது? சட்டப்படி, சொந்தக்காரர் "தன் காரியத்தைத் தானே பார்க்கத் தகுதியற்றவர்" என்று முடிவு செய்தால், அவருக்காக அரசாங்க அதிகாரியே குத்தகை எழுதலாம். நிலத்துக்கு அடியில் உலோகம் இருந்த பலர் தகுதியற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். தங்கள் சபையைக் கூட்டித் தாங்களே காணி பங்கிட்டவர்கள் இவர்கள். காணி விலை ஏறியதும் தகுதி இல்லாமல் போய்விட்டார்கள்! 1921-இல் விற்பனைத் தடையை இன்னும் 25 வருடம் நீட்டி, சுரங்கக் குத்தகை விஷயத்தை உள்துறைச் செயலாளரிடம் கொடுத்தார்கள். எவ்வளவு பங்குப் பணம், எத்தனை வருடம், கழிவை எங்கே போடுவது, வேலை முடிந்தால் குழியை யார் மூடுவது என்பதெல்லாம் சொந்தக்காரரைக் கேட்காமல் முடிவானது.

சில குடும்பங்களுக்குப் பணம் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு சிலர் பெரும் பணக்காரர்களும் ஆனார்கள். அவர்களின் பணத்தையும் பாதுகாவலர் என்ற பெயரில் வேறு ஆட்கள் நிர்வகித்தார்கள். பக்கத்துக் காணிக்காரருக்கு உலோகம் இல்லையென்றால் ஒரு சதமும் இல்லை. ஒரே குடிக்குள் இருப்பவர், இல்லாதவர் என்ற பிரிவு வந்தது.

இவர்களின் மொழி உறவினரான ஓசேஜ் மக்கள் வேறு வழியில் போனார்கள். 1906-இல் மேல்மண்ணைத் தனித்தனியாகப் பிரித்தாலும், நிலத்தடி எண்ணெயையும் கனிமத்தையும் எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டார்கள். வருமானம் எல்லாப் பங்காளிகளுக்கும் சமமாகப் போனது. குவாபாவைவிட இது மேலான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் 1920களில் ஓசேஜ் மக்களைச் சொத்துக்காகக் கொலை செய்தார்கள். அங்கேயும் பாதுகாவலர் முறைதான் திருடர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது. பொதுவாக வைத்தாலும், தனியாகப் பிரித்தாலும், கையொப்பம் போடும் உரிமை நம்மிடம் இல்லாவிட்டால் சொத்து நம்மிடம் நிற்காது. இரண்டு மக்களின் கதையும் இதைத்தான் காட்டுகிறது.

பூமிக்கு அடியில் இருந்தவர்கள்

சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையினத் தொழிலாளர்கள். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச எவரும் இல்லை. கம்பனிக்கு அது வசதி.

கல்லை உடைக்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். அதோடு காசநோயும் சேர்ந்துகொள்ளும். 1920களின் இறுதியில் பிச்சரில் ஒரு கிளினிக் திறந்து தொழிலாளர்களின் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். நல்ல காரியம்தானே என்று நினைப்போம். ஆனால் நோய் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு வேலை மறுக்கப்பட்டது. நோயைக் கொடுத்த வேலையே அவரை நோயாளி என்று வெளியே தள்ளியது. வைத்தியப் பரிசோதனை எப்போதுமே தொழிலாளிக்காகத்தான் நடக்கிறது என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பரிசோதனை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைச் சங்கம் கேட்டே ஆக வேண்டும்.

1935 மே மாதம் சர்வதேச சுரங்க, ஆலை, உருக்குத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. கம்பனிகள் பேச்சுக்கு வரவில்லை. சில வாரத்துக்குள் கம்பனிகளின் ஆதரவோடு ஒரு போட்டிச் சங்கம் உருவானது. அதன் அங்கத்துவ அட்டை நீல நிறம், ஆகவே நீல அட்டைச் சங்கம் என்று பெயர். வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்த அட்டை வேண்டும். அந்தச் சங்கத்தின் ஆட்கள் கோடரிப் பிடி போன்ற பிக்காசுப் பிடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைநிறுத்தக்காரர்களை அடித்தார்கள். இராணுவக் காவற்படையும் இறக்கப்பட்டது. 1937 ஏப்ரலில் கன்சாஸ் மாநிலத்தின் கலீனா என்ற ஊரில் சங்க மண்டபத்துக்கு முன்னால் ஒன்பது பேர் சுடப்பட்டார்கள். பின்னாளில் தேசியத் தொழிலுறவுச் சபை ஈகிள்-பிச்சர் கம்பனியின் மேல் குற்றம் கண்டு, வேலை மறுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் வழங்கச் சொன்னது. அதற்குள் எத்தனை பேர் இருமி இருமிச் செத்துப்போனார்கள்!

தொழிலாளிக்குப் பலமான சங்கம் இல்லாமல் செய்தார்கள். காணிக்காரருக்குப் பேனா இல்லாமல் செய்தார்கள். கேள்வி கேட்க வேண்டிய இரண்டு வாயும் அடைபட்ட பிறகு, பூமியை இஷ்டப்படி தோண்ட முடிந்தது.

கம்பனி போன பிறகு

1970 அளவில் சுரங்கங்கள் மூடப்பட்டன. கம்பனிகள் போய்விட்டன. விட்டுவிட்டுப் போனது இரண்டு.

ஒன்று கழிவு மலை. உலோகம் எடுத்த பின் மிஞ்சும் பொடிக்கல்லை அங்கே "சாட்" என்பார்கள். அது மலை மலையாகக் குவிந்து கிடந்தது. சில குவியல்கள் 200 அடி உயரம். மொத்தம் 7 கோடி தொன்னுக்கு மேல். அதில் ஈயம் கலந்திருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதன் மேல் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். வீட்டு முற்றத்துக்கும் வழிக்கும் அந்தக் கல்லைக் கொட்டினார்கள்.

மற்றது தண்ணீர். சுரங்கத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகளை நிறுத்தியதும் பூமிக்கடியில் நீர் நிரம்பத் தொடங்கியது. 1979-இல் அது வெளியே வந்து தார் கிரீக் என்ற ஓடையில் கலந்தது. ஓடை செம்மஞ்சளாக ஓடியது. மீன் செத்தது. குவாபா மக்கள் தலைமுறையாக மீன் பிடித்த ஓடை அது.

1983-இல் மத்திய அரசாங்கம், நாட்டிலேயே மிக மோசமாக நஞ்சேறிய இடங்களுக்கான "சுப்பர்ஃபண்ட்" பட்டியலில் தார் கிரீக்கைச் சேர்த்தது. பட்டியலில் சேர்த்ததோடு பிள்ளைகளின் இரத்தம் சுத்தமாகிவிடவில்லை. 1994-இல் பூர்வீகக் குடிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நூற்றுக்குச் சுமார் 35 பேரின் இரத்தத்தில் அளவுக்கு மீறிய ஈயம் இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாடம் ஏறாது, கவனம் நிற்காது. "படிப்பில் மக்கு" என்று எத்தனை பிள்ளைகள் வகுப்பில் ஏச்சு வாங்கியிருப்பார்கள், குற்றம் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்க!

2006-இல் செய்த ஆய்வு பிச்சர் நகரத்தின் அடிநிலம் எந்த நேரமும் இடிந்து இறங்கலாம் என்று சொன்னது. அரசாங்கம் வீடுகளை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. 2008 மே மாதம் சுழற்காற்று வந்து மிச்சத்தையும் அடித்தது. 2009-இல் பிச்சர் நகரசபையே மூடப்பட்டது. வெளியிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். பெரிய கம்பனிகளில் சில வங்குரோத்து என்று நீதிமன்றம் போயின. குவாபா மக்கள் எங்கே போவது? அது அவர்களின் கடைசிக் காணி.

தாங்களே மண்வெட்டியை எடுத்தார்கள்

முப்பது வருடமாக அரசாங்கம் திட்டம் போட்டது, ஒப்பந்தக்காரர்களைக் கொண்டுவந்தது, பெரும் பணம் செலவானது. வேலை ஆமை வேகம். கடைசியில் குவாபா அரசாங்கம் ஒரு கோரிக்கை வைத்தது. எங்கள் நிலத்தை நாங்களே சுத்தம் செய்கிறோம், வேலையை எங்களிடம் தாருங்கள். 2013-இன் இறுதியில் வேலை ஆரம்பமானது. எங்கே? தேவாலயத்துக்கு ஒதுக்கிய அந்த 40 ஏக்கரில். "கத்தோலிக்க நாற்பது" என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் குவாபா பிள்ளைகள் படித்த மிஷன் பாடசாலை இருந்த இடம். அங்கிருந்து ஒரு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவை அள்ளி அகற்றினார்கள். அமெரிக்காவில் இத்தகைய சுத்திகரிப்பு வேலையை ஒரு பூர்வீகக் குடி அரசாங்கமே தலைமை தாங்கி நடத்தியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அடுத்தடுத்த இடங்களும் அவர்களிடம் வந்தன. வேலையும் சம்பளமும் உள்ளூரில் தங்கின. சுத்தம் செய்த நிலத்தில் மறுபடி புல்லும் பயிரும் வளர்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் பலம் எங்கிருந்து வந்தது? 2008-இல் மூன்று மாநிலங்களின் எல்லையில் அவர்கள் ஒரு பெரிய சூதாட்ட விடுதியைத் திறந்தார்கள். அதன் பெயரும் தங்கள் குடிப்பெயரின் பொருளைச் சொல்வதுதான். சூதாட்டப் பணம் நல்ல பணமா என்று கேட்பீர்கள். எனக்கும் அது உவப்பில்லை. சம்பள நாளில் சீட்டு மேசையில் காசைத் தொலைத்துவிட்டு வரும் தகப்பனை நாம் அறிவோம். ஆனால் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாடும் காட்டெருமையும் வளர்க்கிறார்கள். 2017-இல் சொந்தமாக இறைச்சி பதனிடும் ஆலை திறந்தார்கள். பயிர்ச்செய்கை செய்கிறார்கள், பசுமைக் கூடாரத்தில் மரக்கறி வளர்த்துத் தங்கள் விடுதிச் சமையலறைக்கே கொடுக்கிறார்கள். ஒரே வருமானத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஈயம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

2021 ஒக்டோபரில் ஒக்லஹோமா குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. குவாபா மக்களுக்கென ஒப்பந்தப்படி ஒதுக்கிய நிலப்பகுதியை அமெரிக்கக் காங்கிரஸ் ஒருபோதும் கலைக்கவில்லை, ஆகவே அது சட்டப்படி இன்னும் நிலைத்திருக்கிறது என்றது. 1833-இல் எழுதிய காகிதம் ஏறத்தாழ 190 வருடம் கழித்து உயிரோடு எழுந்து சாட்சி சொன்னது. காகிதத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இது பதில். காகிதம் வேண்டும். அதைக் காப்பாற்றிக் கொண்டு நிற்க ஒரு அமைப்பும் வேண்டும்.

இன்று அந்தக் குடியில் பதிந்திருப்பவர்கள் ஐயாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதத் தொடக்கத்தில் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஊற்றுப் பூங்காவில் கூடி மேளமடித்து ஆடுகிறார்கள். 150 வருடத்துக்கு மேலாக நடக்கும் கூட்டம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அன்று வீடு திரும்புகிறார்கள். மொழிதான் பெரிய இழப்பு. அர்டினா மூர் என்ற மூதாட்டி தன் கடைசிக் காலம் வரை வகுப்பு நடத்தி இளையவர்களுக்குக் குவாபா மொழி சொல்லிக் கொடுத்தார். 2022-இல் அவர் காலமானார். அவரிடம் கற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். மண்ணைச் சுத்தம் செய்ய இயந்திரம் இருக்கிறது. விட்டுப்போன மொழியை மீட்க இயந்திரம் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

அவர்களும் நாமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் அந்த மண்ணின் ஆதிக் குடிகள், தனி அரசாங்கம் உள்ளவர்கள். நம் வரலாறு வேறு. எல்லாம் அங்கே பொன்னாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. கழிவு மலைகள் இன்னும் நிற்கின்றன, ஓடை இன்னும் தெளியவில்லை. முதலாளி நம் ஆளாகவே இருந்தாலும் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும் என்பது எங்கும் மாறாத விதி.

ஆனால் கூட்டத்தில் எழும் அந்தக் கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். உறுதி வேண்டும், கட்டாயம் வேண்டும், ஆனால் உறுதி மட்டும் போதாது. நமது தோட்டங்கள் குத்தகையில் கம்பனிகளிடம் இருக்கின்றன. காணி பற்றிப் பேச யார் வந்தாலும், அரசாங்க அதிகாரியாக இருந்தாலும் கம்பனியாக இருந்தாலும் நம் தலைவர்களாகவே இருந்தாலும், மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

முதலாவது, இந்தக் காணியைப் பற்றிய முடிவில் கையொப்பம் யாருடையது? உறுதியில் நம் பெயர் இருந்து, தீர்மானம் இன்னொருவர் கையில் என்றால் அது அரை உரிமை. உறுதி எழுதும்போது மனைவி பெயரும் அதில் இருக்க வேண்டும் என்பதை இதோடு சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, குத்தகை முடிந்து கம்பனி போகும்போது எதை விட்டுவிட்டுப் போகும்? மருந்து அடித்த மண், ஊற்றுத் தண்ணீர், மரம் வெட்டிய சரிவு, இடியும் நிலையிலுள்ள லயம், இவற்றைச் சரி செய்யும் பொறுப்பும் செலவும் யாருடையது? கம்பனி இருக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். போன பின் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பிச்சரில் இருக்கவில்லை.

மூன்றாவது, திருத்த வேலை வரும்போது அந்த வேலை யாருக்கு? வீடு கட்டுவது, பாதை போடுவது, மரம் நடுவது எல்லாவற்றையும் வெளி ஒப்பந்தக்காரர் வந்து செய்ய, நாம் வேடிக்கை பார்க்க வேண்டுமா? நம் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்து, தோட்ட மட்டத்தில் கூட்டுறவாக எடுத்து நடத்த ஏன் முடியாது? எண்ணூறு பேர் உள்ள ஊரில் இருந்துகொண்டு ஒரு இலட்சம் தொன் நஞ்சை அள்ளியவர்கள் இருக்கிறார்கள்.

தோழர்களே, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சந்தாக் கணக்கு வாசித்து முடிந்ததும் இந்த மூன்று கேள்விகளையும் வையுங்கள். இளைஞர்கள் எழுதிக்கொள்ளட்டும். பெண் தலைவிகள் முதலில் பேசட்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் என்ன விடை வந்தது என்பதைச் சங்கக் காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள். பேனா நம் கையில் இருக்கும்போதே எழுதிவிடுவோம்.